சுழலும் விமானமும் நாமக்கல் மலையும்

சேலம் ஜங்ஷனில் விடியுமுன் ரயிலைவிட்டு இறங்குகிறவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. கிழக்கு வெளுக்க வெளுக்க, ஊரைச் சுற்றிக் காவல் நிற்கும் மலைகள் ஒவ்வொன்றாகப் பனிமூட்டத்திலிருந்து வெளிவருவதைக் காணலாம். வடக்கே சேர்வராயன், அதன் காலடியில் நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலை. சென்ற மார்கழியில் ஒரு நாள் அந்த அழகில் நாம் மெய்ம்மறந்து நின்று, கையிலிருந்த பெட்டியை எங்கே வைத்தோம் என்பதையும் மறந்து தேடிக்கொண்டிருந்தபோது, "பெட்டி இங்கே இருக்கிறது, சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

குரலுக்கு உடையவன் நம்முடைய பழைய மாணாக்கன். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் இடையேயுள்ள ஒரு கிராமத்துப் பிள்ளை. நாம் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்து வருஷம் பௌதிகம் போதித்த காலத்தில், முன் பெஞ்சியில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு நம் பிராணனை வாங்கியவன். இப்போது ஹைதராபாத்துக்கு அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் விமானியாகப் பயிற்சி பெறுகிறான். விடுமுறையில் வந்திருந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தான். பள்ளிக்கூடத்தில் நாம் எத்தனை சொல்லியும் நிமிராத முதுகு இப்போது நிமிர்ந்திருந்தது.

ஆனால் நம்மை வரவழைத்தவன் அவன் அல்ல, அவனுடைய தாயார். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, சார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். போன்ல கேக்கற சங்கதி இல்லைங்க" என்று அந்த அம்மாள் சொன்னபோதே விஷயம் நமக்கு ஊகமாகிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன் அவர்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பையனை விமானப்படைக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று இரண்டு மணி நேரம் வாதாடி ஜயித்தது நாம்தான். அந்த வழக்கு இப்போது அப்பீலுக்கு வந்திருக்கிறது. காரணமும் ரகசியமல்ல. 2025 நவம்பர் 21-ஆம் தேதி துபாய் விமானக் காட்சியில் நம் நாட்டுத் தேஜஸ் விமானம் ஒன்று தரையில் மோதி, விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் உயிர் நீத்தார். அவருடைய உடலைக் கோயம்புத்தூருக்கு அருகேயுள்ள சூலூர் விமானப்படைத் தளத்துக்குக் கொண்டுவந்து மரியாதை செய்தார்கள். நாமக்கல் சீமையில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் சூலூர் போய்ச் சேர்ந்துவிடலாம். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, மகனை அதே உத்தியோகத்துக்கு அனுப்பியிருக்கும் எந்தத் தாய்க்குத்தான் தூக்கம் வரும்?

"வீட்டுக்குப் போவதற்கு முன் உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும், சார்" என்று பையன் நம்மை எதிர்த் திசையில், ஓமலூர் பஸ்ஸில் ஏற்றினான். தாயாரை நேருக்கு நேர் சந்திப்பதைச் சற்று ஒத்திப் போடுவதில் நமக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

சேலத்தின் விமான நிலையம் ஓமலூருக்கு அருகே கமலாபுரத்தில் இருக்கிறது. 1993-ல் திறந்தார்கள். அதன் பிறகு பல வருஷங்கள், விமானமே வராத விமான நிலையம் என்ற விசித்திரமான கீர்த்தியுடன் அது காலங்கழித்தது. 2018 மார்ச்சில்தான் மறுபடியும் ஒழுங்காக விமானம் வர ஆரம்பித்தது. அதுவும் நடுவில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர். அதை நீட்ட வேண்டும் என்று சர்க்கார் சொல்ல, எங்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று கமலாபுரம், பொட்டிபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டிக் குடியானவர்கள் சொல்ல, அந்தத் தகராறு 2018-லிருந்து பேசப்பட்டு வருகிறது. சாலையோரம் நின்று பார்த்தால் இரு தரப்பாரின் நியாயமும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. இந்தப் பக்கம் நல்ல செம்மண் காடு.

சற்று நேரத்தில் இரட்டைப் புரொபெல்லர் விமானம் ஒன்று மலைகளுக்கு நடுவேயிருந்து வெளிப்பட்டு, படியிறங்குவது போல் நிதானமாக இறங்கி வந்து ஓடுபாதையைத் தொட்டது. நாம் கைதட்டாத குறைதான். பையனோ உதட்டைப் பிதுக்கினான்.

"இவர்கள் தூரத்திலிருந்தே நேராக வந்து இறங்குகிறார்கள், சார். போர் விமானம் இப்படி வராது" என்று சொல்லி, கையை விமானமாக்கிக்கொண்டு விளக்க ஆரம்பித்தான். போர் விமானம் ஓடுபாதைக்கு நேர் மேலே வேகமாக வருமாம். வந்து, ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்து கூர்மையாகத் திரும்பும். அந்தத் திருப்பத்திலேயே வேகத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். பிறகு ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், இறங்க வேண்டிய திசைக்கு எதிராகச் சிறிது தூரம் பறக்கும். அங்கேதான் சக்கரங்களை இறக்குவது. விமானியின் முன்னால் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தால் மூன்று சக்கரங்களும் இறங்கிப் பூட்டிக்கொண்டன என்று பொருள். இரண்டு எரிந்தால் போதாது. பிறகு இறங்கிக்கொண்டே அரை வட்டமாகத் திரும்பி, ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்கு வந்து, இன்ன எடைக்கு இன்ன வேகம் என்று முன்கூட்டியே கணக்கிட்ட வேகத்தில் தரையைத் தொட வேண்டும். முதலில் பின் சக்கரங்கள்தான் தொட வேண்டும். மூக்கைச் சற்று நேரம் தூக்கியபடியே வைத்திருந்தால் எதிர்க் காற்றே பிரேக் போடும். தேஜஸ் போன்றவற்றில் வாலிலிருந்து ஒரு பாராசூட்டும் விரிந்து பின்னுக்கு இழுக்கும்.

"இதில் அபாயமான இடம் எது?" என்று கேட்டோம். தரையைத் தொடும் இடம் என்று சொல்வான் என எதிர்பார்த்தோம்.

"கடைசித் திருப்பம், சார்" என்றான். "திரும்பி முடிப்பதற்குள் விமானம் ஓடுபாதையின் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சாய்த்து, இன்னும் இழுத்து, சுக்கானையும் உள்பக்கம் மிதித்தால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும். அப்படிச் செய்தால் உள்பக்கத்துச் சிறகு காற்றை விட்டுவிடும். விமானம் புரண்டு சுழல ஆரம்பிக்கும். மேலே 20,000 அடியில் நடந்தால் மீட்டுவிடலாம். இங்கே இருப்பது சில நூறு அடிதான். வித்தை தெரிந்தும் பிரயோஜனம் இல்லை."

"அப்படியானால் என்ன செய்வாய்?"

"இழுக்கவே மாட்டேன். த்ராட்டிலை முன்னுக்குத் தள்ளி மேலே போய் இன்னொரு சுற்றுச் சுற்றி வருவேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்."

இது நம் மனத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்தது. தாயாரிடம் சொல்வதற்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டதல்லவா?

சேலம் திரும்பி நாமக்கல் பஸ்ஸில் ஏறினோம். மல்லூரைத் தாண்டியதும் தெற்கு நோக்கி விரியும் அந்தச் சமவெளிக்கு நிகரான காட்சியை நாம் அதிகம் கண்டதில்லை. இடது புறத்தில் போதமலை, அதற்கப்பால் நீலநிறச் சுவராகக் கொல்லிமலை. வலது புறத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் மரவள்ளிக் கிழங்குக் காடுகள். கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேரென்று மாவு காய்ந்துகொண்டிருந்தது. நீளநீளமான கோழிப் பண்ணைகள்; முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு போகும் வண்டிகள்; கூண்டு கட்டும் பட்டறைக்குப் போகும் மொட்டை லாரிகள். உழைப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத சீமை இது. நாம் இங்கே ஐந்து வருஷம் இருந்தும் ஒருவரும் வெறுமனே உட்கார்ந்திருந்து பார்த்ததில்லை; நம் சக உபாத்தியாயர் சிலரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பஸ்ஸில் நாம் பையனிடம் அந்தச் சுழற்சியைப் பற்றி மேலும் கேட்டோம். வாசகர்களுக்கும் அதை இங்கேயே விளக்கிவிடுவது நல்லது.

விமானத்தின் சிறகு காற்றை ஓர் அளவுக்கு மேற்பட்ட கோணத்தில் எதிர்கொள்ளக் கூடாது. சாதாரணச் சிறகுகளுக்கு அந்த அளவு சுமார் 15 டிகிரி. அதைத் தாண்டினால் சிறகின் மேல்புறத்தைத் தழுவி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு சிதறிவிடுகிறது. தூக்கும் சக்தி சட்டென்று குறைகிறது. விமானிகள் இதை 'ஸ்டால்' என்கிறார்கள். இரண்டு சிறகுகளும் ஒன்றாகச் சக்தி இழந்தால் பெரிய கெடுதியில்லை. மூக்குத் தாழ்ந்து, வேகம் ஏறி, விமானம் தானே சரியாகிவிடும். ஆனால் அந்தச் சமயத்தில் விமானம் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால், ஒரு சிறகு மற்றதற்கு முந்திச் சக்தி இழந்து விழுகிறது. விழ விழ அது காற்றைச் சந்திக்கும் கோணம் இன்னும் கூடுகிறது. ஆகவே இன்னும் விழுகிறது. எழும் சிறகுக்கோ கோணம் குறைந்து கொஞ்சம் சக்தி மிஞ்சுகிறது. ஒன்று தள்ள, ஒன்று விழ, விமானம் திருகாணி போல் சுழன்றுகொண்டே பூமியை நோக்கி இறங்குகிறது. அதுதான் 'ஸ்பின்'. யாரும் சுற்றிவிட வேண்டியதில்லை. தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும்.

விமானம் தோன்றிச் சில ஆண்டுகள் வரை இதில் சிக்கியவர்கள் பிழைத்து வந்து கதை சொல்வது அபூர்வமாயிருந்தது. 1912 ஆகஸ்டு 25-ஆம் தேதி இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளியின் மேல், வில்பிரட் பார்க் என்ற கடற்படை அதிகாரியின் விமானம் பலர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சுழன்று விழுந்தது. அவர் எஞ்சினை முழுக்கத் திறந்து பார்த்தார். தடியை மார்போடு இழுத்துப் பார்த்தார். சுழலும் பக்கமே சுக்கானை மிதித்தும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. தரை நெருங்கிவிட்டது. கடைசியில், இனிப் போனாலென்ன என்று சுக்கானை எதிர்ப்பக்கம் முழுக்க மிதித்தார். விமானம் சுழல்வதை நிறுத்தி நேரானது. தரைக்கும் அவருக்கும் இடையே அப்போது சுமார் 50 அடிதான் மிஞ்சியிருந்ததாம். இறங்கியதும் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் வேறொரு விபத்தில் அந்த மனிதர் மாண்டார். அவர் மிதித்த மிதி மட்டும் இன்றுவரை உலகெங்கும் விமானிகளைக் காப்பாற்றி வருகிறது.

"எங்களுக்குச் சொல்லித் தருவதும் ஏறக்குறைய அதுதான், சார்" என்றான் பையன். எஞ்சின் சக்தியை அடியோடு குறைக்க வேண்டும். பக்கச் சாய்வுக்கான மடிப்புகளை நடுவில் வைக்க வேண்டும். விழுந்த சிறகைத் தடியைக்கொண்டு தூக்கப் பார்த்தால் அது மேலும் விழும். எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைக் கருவியின் முள்ளைப் பார்த்து நிச்சயித்து, எதிர்ப்பக்கச் சுக்கானை முழுக்க மிதித்து, தடியை முன்னே தள்ள வேண்டும். பூமியை நோக்கி விழுகிறவன் தடியைப் பூமியை நோக்கியே தள்ளுவது! மனித சுபாவத்துக்கு இதைவிட விரோதமான காரியம் வேறில்லை. சுழற்சி நின்ற அந்த க்ஷணமே சுக்கானை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் எதிர்ப்பக்கம் சுழல ஆரம்பித்துவிடும். பிறகு பதற்றமில்லாமல் மெல்ல இழுத்து நிமிர்த்த வேண்டும்.

முள்ளைப் பார்ப்பானேன், வெளியே பார்த்தால் தெரியாதா என்று நாம் கேட்டோம்.

"சின்ன வயசில் தட்டாமாலை சுற்றியிருக்கிறீர்களா, சார்? நின்ற பிறகும் உலகம் சுற்றுமே! காதுக்குள் இருக்கும் நீர் பொய் சொல்கிறது. ஸ்பின் நின்ற பிறகு எதிர்ப்பக்கம் சுற்றுவதாகவே உடம்பு சத்தியம் செய்யும். அதை நம்பினால் தீர்ந்தது."

எல்லா ஜெட் விமானங்களும் இந்த ஒரே சிகிச்சைக்குக் கட்டுப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெட் விமானத்தில் சிறகு குட்டை. எடை முழுவதும் நீண்ட உடலில் கிடக்கிறது. ஆகவே சிலவற்றைத் தடியைச் சுழலும் பக்கமே சாய்த்துத்தான் மீட்க முடியும். சில ஜெட் பயிற்சி விமானங்கள், எல்லாவற்றையும் நடுவில் விட்டுவிட்டால் தாமாகவே தெளிகின்றன. தேஜஸில் கணிப்பொறி இருந்துகொண்டு, விமானி எவ்வளவு இழுத்தாலும் எல்லை தாண்ட விடுவதில்லை. இன்ன விமானத்தின் குணம் இன்னது என்பதை யாராவது ஒருவர் முதலில் சுழன்று பார்த்துத்தான் எழுதி வைக்க வேண்டும்.

அப்படி எழுதி வைப்பது எத்தனை கஷ்டம் என்பதற்குப் பக்கத்திலுள்ள பெங்களூரே சாட்சி. அங்குள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஸ்தாபனம் 1964-ல் முதன்முதலாகப் பறக்கவிட்ட 'கிரண்' ஜெட் விமானத்தில்தான் நம் விமானிகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றார்கள். அதற்கு வாரிசாக 'சிதாரா' என்ற பெயரில் புதிய ஜெட் பயிற்சி விமானம் ஒன்று 2003 மார்ச் 7-ஆம் தேதி பறந்தது. பறப்பதெல்லாம் நன்றாகத்தான் பறந்தது. 2011 ஏப்ரலில் சோதனையின்போது ஒரு விமானம் தமிழ்நாட்டு மண்ணில் விழுந்தது. இரு விமானிகளும் ஆசனத்தோடு வெளியே குதித்து உயிர் தப்பினார்கள். பெரிய சங்கடம் சுழற்சிச் சோதனையில் வந்தது. பயிற்சி விமானம் என்றால் மாணவனைச் சுழற்றவும் வேண்டும், தவறாமல் தெளியவும் வேண்டும். சிதாரா அப்படித் தெளியவில்லை. 2016-ல் சோதனையையே நிறுத்தும்படி ஆயிற்று. பிறகு நிற்கும் வாலைப் பின்னுக்குத் தள்ளி, சுக்கானைப் பெரிதாக்கி, 2019 ஏப்ரலில் மறுபடி பறக்கவிட்டார்கள். தெளியாவிட்டால் இழுத்துப் பிடிப்பதற்கென்று வாலில் ஒரு தனிப் பாராசூட்டையும் கட்டினார்கள். இடது பக்கம் ஆறு சுற்று, வலது பக்கம் ஆறு சுற்று சுழன்று ஒழுங்காக மீண்டது என்று அறிவித்தது 2022 ஜனவரியில். 2025-ல் அதற்கு 'யஷஸ்' என்று புதுப் பெயரும் வைத்தார்கள்.

பொறியாளர்களை நாம் குறை கூறப் போவதில்லை. சுழலும் காற்றின் கணக்கு எந்த நாட்டுக்கும் எளிதாக வந்ததல்ல. தெளியாத விமானத்தைத் தெளியாது என்று ஒப்புக்கொண்டு வாலை மாற்றியது யோக்கியமான காரியம். ஆனால் முதல் பறப்புக்கும் ஆறாவது சுற்றுக்கும் இடையே ஏறக்குறைய 19 வருஷம் ஓடிவிட்டது. அத்தனை காலமும் நம் பிள்ளைகள், தங்கள் தகப்பனார் பிறப்பதற்கு முன்னே வரையப்பட்ட கிரணில்தானே ஏறினார்கள்? தாமதத்தின் பாரம் அதைச் செய்தவர் தோளில் விழுவதில்லை.

வீடு போய்ச் சேர்ந்தோம். தகப்பனார் இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். ஒன்றை இன்னமும் தாமே ஓட்டுகிறவர். தாயார் கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். நாம் வாதாடிய அதே கயிற்றுக் கட்டிலைத்தான் எடுத்துப் போட்டார்கள். சாப்பாடு முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பையன் பண்ணைப் பக்கம் போன சமயம் பார்த்து அந்த அம்மாள் வந்து எதிரே நின்றார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் அனுப்புனோம், சார். தப்புன்னு சொல்லலைங்க. இனி ஜெட் வண்டி ஓட்டப் போறானாமா. வேணும்னே சுத்தி விழுந்து பழகோணுமாம். அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

பிரயாணம் முழுவதும் நாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அந்த இடத்தில் உதவவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அது நமக்குத் தெரியாது. பையனிடம் முன்பு தெரியாததைத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அவன் முன் பெஞ்சியிலேயே நம்மைப் பிடித்திருப்பான்; அவன் தாயாரிடம் மட்டும் எப்படிச் சொல்வது? ஆகவே, "அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியாதம்மா. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்" என்று தொடங்கி, மேலே எழுதியிருப்பதையெல்லாம் எளிய பாஷையில் சொன்னோம். தேஜஸில் கணிப்பொறி காக்கிறது என்றால் சுழன்று பழகுவானேன் என்று அவர் கேட்டார். நல்ல கேள்விதான். பயிற்சி விமானத்தில் அந்தக் கணிப்பொறி இல்லை. மேலும் முதல் தடவை சுழலும்போது எவனுக்கும் மூளை கலங்கும். அந்த முதல் தடவை, பக்கத்தில் ஆசிரியரும் கீழே நிறைய ஆகாயமும் இருக்கும்போதே நடந்துவிடட்டும் என்பதற்காகத்தான் என்றோம்.

அதுவரை தூணில் சாய்ந்து பேசாமலிருந்த தகப்பனார் அப்போது வாய் திறந்தார். "தொப்பூர் இறக்கம் மாதிரிதானுங்க" என்றார்.

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவேயுள்ள தொப்பூர்க் கணவாயை அறியாத லாரிக்காரர் கிடையாது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகிற வண்டிகள் மேல் மோதிய விபத்துகள் அங்கே எத்தனையோ. "பிரேக் போனதுக்கு அப்புறம் ஸ்டியரிங்க ஒடிச்சுப் பிரயோஜனம் இல்லைங்க. மேட்டு மேலயே கியரைப் போட்டுக்கோணும். அதை ஒருத்தன் பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுத்தாத்தான் வரும். எனக்கு எங்க மாமன் சொல்லிக் குடுத்தாரு." கமலாபுரத்து வேலியோரத்தில் மகன் சொன்னதையே, விமானத்தில் ஏறியே அறியாத தகப்பனார் திருப்பிச் சொன்னது நமக்கு வியப்பாயிருந்தது.

சாயங்காலம் நால்வருமாக நாமக்கல் போனோம். ஒரே பாறையாலான மலை, உயரம் சுமார் 65 மீட்டர், உச்சியில் கோட்டை. மலையைக் குடைந்த குகைக்குள் நரசிம்மர் வீற்றிருக்க, எதிரே சற்றுத் தள்ளி 18 அடி ஆஞ்சநேயர், கூரையில்லாமல் வெட்டவெளியில் கைகூப்பி நிற்கிறார். ஆகாயத்தில் தாவியவருக்குக் கூரை எதற்கு? ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் ஜெர்மன் நிபுணர் கூர்ட் டாங்க் வகுத்து, 1961 ஜூன் 17-ஆம் தேதி பறந்த நம் நாட்டு முதல் ஜெட் போர் விமானத்துக்கு 'மாருத்' என்று பெயரிட்டார்கள், வாயுவின் பெயர். தாயார் அங்கே நெடுநேரம் நின்று வேண்டிக்கொண்டார். நாம் அவசரப்படுத்தவில்லை.

படியேறிக் கோட்டைச் சுவரருகே உட்கார்ந்தோம். மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "இதோ, இந்த உச்சியின் உயரத்தில் ஒரு விமானம் இறங்கி வந்துகொண்டிருந்தால், ஓடுபாதை எத்தனை தூரத்தில் இருக்கும், சொல் பார்ப்போம்" என்று பழைய பழக்கத்தில் கேட்டோம். பயணிகள் விமானம் இறங்கும் 3 டிகிரிச் சரிவுக்குக் கிலோமீட்டருக்கு 52 மீட்டர். ஆகவே சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர் என்று விரல் மடக்காமல் சொன்னான். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதற்கு 18 விநாடி என்றும், கேட்காமலே சேர்த்துக்கொண்டான். தாயார் மலையையும் கீழே பஸ்கள் ஊர்வதையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது மேற்கு வானத்தில், மிக உயரத்தில், ஒரு வெள்ளிப் பொட்டு மின்னி மறைந்தது. சத்தம் பின்னால் வந்து மலையில் மோதியது. "சூலூர் தேஜஸாக இருக்கலாம்" என்றான் பையன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சற்றுப் பொறுத்துத் தகப்பனார், "எந்திரிக்கவே மாட்டேங்குதுன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"ஓர் உயரம் குறித்துத் தந்திருக்கிறார்கள், அப்பா. அதற்குள் சுழற்சி நிற்காவிட்டால் விமானத்தை விட்டுவிட்டுக் குதிக்க வேண்டும்." அமெரிக்கப் போர் விமானங்கள் பலவற்றில் அந்த உயரம் தரைக்கு மேல் 10,000 அடி, சேர்வராயன் மலையைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. ஆசனத்துக்கு அடியிலுள்ள ராக்கெட் விமானியை ஆசனத்தோடு தூக்கி எறியும். பாராசூட் தானே விரியும். மார்ட்டின் பேக்கர் என்ற ஆங்கிலக் கம்பெனியின் ஆசனங்கள் மட்டும் 1940-களிலிருந்து 7,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் விமானிகளில் பலர் குதிக்கத் தாமதிக்கிறார்கள். இன்னும் ஒரு சுற்றுப் பார்க்கலாம், இத்தனை கோடி ரூபாய் விமானத்தை விடுவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நினைக்கும் அந்த இரண்டு விநாடியில் உயரம் போய்விடுகிறது. இதை நாம் சொன்னபோது பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய பழைய முதுகு திரும்பி வந்தது போலிருந்தது.

தாயார் அதைக் கவனித்தார். எழுந்து மகனுக்கு எதிரே வந்து நின்றார்.

"இங்க பாரு, சாமி. அவங்க குறிச்ச ஒசரம் வந்துட்டா, நீ யாரையும் நெனைக்கப் படாது. கவருமெண்டு வண்டி போனாப் போவுது. குதிச்சுப்போடு. யாராச்சும் கேட்டா எங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லு. வாத்தியாரு சாட்சி."

"சரி, அம்மா" என்றான்.

"சரின்னு வாயில சொல்லாதே. கையடிச்சுச் சொல்லு."

கையடித்துக் கொடுத்தான். நாமும் சாட்சிக்குத் தலையசைத்தோம். அப்பீல் அத்துடன் முடிந்ததா, தள்ளி வைக்கப்பட்டதா என்று நமக்கு விளங்கவில்லை.

இரவு பையன் தன் பழைய ஜாமெட்ரிப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே நாலைந்து தணக்கு விதைகள். கொல்லிமலைப் பக்கத்துக் காடுகளில் வளரும் மரம் அது. காய்க்கு முயல் காது போல இரண்டு நீண்ட இறக்கைகள். மேலேயிருந்து விட்டால் சக்கரமாய்ச் சுழன்றுகொண்டே மெல்ல இறங்கும். ஒன்பதாம் வகுப்பில் காற்றின் தடையைப் பற்றிப் பாடம் நடத்தியபோது நாம்தான் கொண்டுவந்து கொடுத்தோமாம். நமக்கு ஞாபகமேயில்லை. விமானத்தின் ஸ்பின்னும் இந்த விதையின் சுழற்சியும் ஒரே இனம்தான்; ஆனால் விதை சுழல்வதனால்தான் பிழைக்கிறது, விமானம் சுழன்றால் கெடுகிறது என்று அவன் விளக்க, தாயார் விதை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நாம் கரூர் வழியாகத் திருச்சி திரும்ப வேண்டும். நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013-ல்தான். அதற்கு முன் இந்தப் பிரயாணத்துக்குப் பஸ்ஸே கதி. பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது தலைக்கு மேலிருந்து ஏதோ சுழன்று வந்து முற்றத்தில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தோம். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரருகே அந்த அம்மாள் ஜாமெட்ரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ணுனீங்களா, சார்? எனக்கு மேல இருந்து தெரியலைங்க" என்று கேட்டார்.

நாம் எண்ணவில்லை. இன்னொன்று விடச் சொன்னோம்.